தோட்டப் பட்டணத்திலிருந்து லண்டனுக்கு: முதல்முறை போகிறவர்கள் புறப்படும் முன்பே முடிக்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், லிந்தாங், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று லண்டனில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பட்டமளிப்பு விழாவுக்கோ பிரசவத்துக்கோ பெற்றோர் புறப்பட வேண்டி வருகிறது. தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற அப்பாவையும், வாழ்நாளில் பெரும்பகுதி பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய அம்மாவையும் என் தங்கையின் பட்டமளிப்புக்கு அழைத்துச் சென்று வந்தேன். அந்த ஏற்பாடுகளுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை மற்றவர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லண்டனைப் பற்றி எனக்கு முதலில் பதிந்தது ஒன்றுதான். வருகிறவர் எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வந்திருப்பார் என்று அந்த நகரம் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் இருந்த டிக்கெட் முகப்புகளை 2015-இலேயே மூடிவிட்டார்கள். விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுக்கும் அட்டையும் 2019-இலிருந்து கிடையாது. கேட்டால் உதவுகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ன கேட்பது என்பதே தெரியாமல் நிற்கும் வயதானவர்களுக்கு அந்த உதவி போய்ச் சேருவதில்லை. அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட்டிலேயே முடிக்க வேண்டியவை. விலைகளெல்லாம் 2025-ஆம் ஆண்டு நிலவரம். அப்போது ஒரு பவுண்டின் விலை ஐந்தரை வெள்ளிக்கும் (மலேசிய ரிங்கிட்) ஆறு வெள்ளிக்கும் இடையே இருந்தது.

1. முதலில் கடப்பிதழ் (பாஸ்போர்ட்)

பழைய கடப்பிதழில் இன்னும் சில மாதம் இருக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்காதீர்கள். அடுத்த படியில் சொல்லும் பயண அனுமதி கடப்பிதழ் எண்ணோடு பிணைந்தது. அனுமதி வாங்கிய பிறகு கடப்பிதழைப் புதுப்பித்தால் அந்த அனுமதி செல்லாது. மறுபடியும் விண்ணப்பித்து மறுபடியும் பணம் கட்ட வேண்டும். ஆகவே பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது கடப்பிதழைப் புதுப்பித்துவிடுங்கள். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 வெள்ளி.

இதற்கு நம் பக்கத்து ஆட்கள் ஈப்போவிலுள்ள குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குத்தான் போவார்கள். கூட்டம் குறைவான நாளில் காலையிலேயே போய்விட்டால் அன்றே கடப்பிதழ் கைக்கு வந்துவிடும். பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அடையாள அட்டை, பழைய கடப்பிதழ், கட்டணம் ஆகியவற்றோடு போகலாம். படத்தை அங்கேயே எடுப்பார்கள். பின்னணி வெள்ளையாக இருப்பதால் அடர்ந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வேலை செய்தவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிரமம் உண்டு. பல ஆண்டுகள் கத்தி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். பால்மரம் சீவியவர்களின் கட்டைவிரலில் தோல் தடித்து, ரேகை ஆங்காங்கே அறுந்து போயிருக்கும். கருவி ஒரே முறையில் எடுக்காது. அம்மாவின் விரலைத் துடைத்து, அழுத்தி, திருப்பி, வேறு விரலை மாற்றி என்று முகப்பில் இருந்த அதிகாரி பொறுமையாகப் பலமுறை முயன்றார். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முந்திய இரவே விரல்களில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கழுவிக் காய வைத்துக்கொண்டு போனால் தோல் மென்மையாக இருக்கும். முகப்பில் உட்காரும்போதே, இவர் தோட்டத்தில் மரம் சீவியவர் என்று சொல்லிவிடுங்கள். ரேகை விழவில்லை என்றால் பெரியவர்கள் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போலக் கூசிப் போகிறார்கள். அவர்களைத் தனியாக அனுப்பாமல் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். திவால் வழக்கோ வருமான வரிப் பாக்கியோ இருந்தால் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருக்கக்கூடும். குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தடை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிறருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

2. இடிஏ என்னும் பயண அனுமதி

மலேசியருக்குப் பிரிட்டன் போக விசா வேண்டாம் என்பது இன்றும் உண்மைதான். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்னும் மின்னியல் அனுமதி கட்டாயமாகிவிட்டது. முன்பு போய் வந்த உறவினர்கள், ஒன்றும் வேண்டாம், டிக்கெட் போதும் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் போன காலத்துக்கு அது சரி. இப்போது அனுமதி இல்லாமல் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்குப் போய் நின்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

2025 ஏப்ரலில் கட்டணம் தலைக்கு 16 பவுண்டாக இருந்தது. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். கிடைத்த அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு, அல்லது கடப்பிதழ் முடியும் வரைக்கும், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். ஒவ்வொரு பயணத்திலும் ஆறு மாதம் வரை தங்கலாம். வேலை செய்ய மட்டும் அனுமதி இல்லை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டி சம்பளம் வாங்குவதாக வாய் தவறியும் சொல்லிவிடக்கூடாது.

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி விண்ணப்பிப்பதுதான் எளிய வழி. கடப்பிதழின் படப் பக்கத்தைப் படம் எடுத்து, கடப்பிதழுக்குள் இருக்கும் சில்லைக் கைப்பேசியால் படித்து, முகத்தைக் காட்டி, சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பணம் கட்டினால் வேலை முடிந்தது. பழைய கைப்பேசிகள் சில்லைப் படிக்காது. அப்போது அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்காகப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் விரைவாகவே பதில் வந்துவிடும். ஆனாலும் மூன்று வேலை நாட்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு அதற்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

தேடுபொறியில் இடிஏ என்று தட்டியதும் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்களின் விளம்பரங்கள். அரசாங்க முத்திரையைப் போலவே ஏதோ ஒரு சின்னத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். முகவரியின் முடிவில் அரசாங்கத்தைக் குறிக்கும் gov.uk என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கடப்பிதழ் எண்ணைக் கொடுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு பயண முகவர் இதே வேலைக்குத் தலைக்கு 250 வெள்ளி கேட்டார். கைப்பேசியில் மின்னஞ்சல் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

3. டிக்கெட்டும் பெயரும்

நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் இல்லை. இன்னார் அ/ல் (மகன்) இன்னார், இன்னார் அ/பெ (மகள்) இன்னார் என்று முழுப்பெயர் ஒரே வரியில் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தளமோ முதற்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று கேட்கும். சாய்கோட்டையும் ஏற்காது. டிக்கெட்டில் ஒரு மாதிரி, இடிஏவில் ஒரு மாதிரி, பட்டமளிப்பு அழைப்பில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு முகப்பிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். கடப்பிதழின் படப் பக்கத்து அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். அந்த வரியில் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பகுதியை இடுவது என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு பெயரைத் திருத்தப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்கும்.

நேர் விமானம் ஏறத்தாழ 14 மணி நேரம் பறக்கிறது. வழியில் இறங்கி மாறும் விமானங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் முழங்கால் வலியுள்ளவர்கள் நடு இரவில் ஒரு பெரிய விமான நிலையத்தின் கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்; நீங்களே பதிந்துவிடுங்கள்.

4. தாள்களை ஒரே உறையில் வையுங்கள்

எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். 14 மணி நேரம் கழித்து இறங்கும்போது கைப்பேசியில் மின்சாரம் இருக்காது. திரும்பும் டிக்கெட், இடிஏ கிடைத்ததற்கான மின்னஞ்சல், தங்கும் இடத்தின் முழு முகவரி, அழைப்பவரின் தொலைபேசி எண், பட்டமளிப்பு அழைப்பு, பயணக் காப்புறுதி ஆகியவற்றை அச்செடுத்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள். வேலையில் இருப்பவர்கள் தோட்டத்து அலுவலகத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ விடுமுறைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவர்கள் வங்கிக் கணக்கறிக்கை வைத்துக்கொண்டால் போதும். இவற்றை எல்லாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் கொடுக்க இருக்க வேண்டும்.

5. காசும் அட்டையும்

இதில்தான் ஏமாறும் இடங்கள் அதிகம்.

மலேசிய வங்கி அட்டைகள் வெளிநாட்டில் இயங்காதபடி பூட்டப்பட்டிருப்பது வழக்கம். வங்கியின் செயலியிலோ கிளையிலோ வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். உங்கள் மலேசியச் சிம் அட்டையையும் கழற்றி எறிந்துவிடாதீர்கள். வங்கி உறுதிப்படுத்தக் கேட்கும்போது அது வேண்டியிருக்கும்.

பெரியவர்கள் ஆளுக்கு ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும். ரயிலில் ஓர் அட்டையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள முடியாது. அப்பாவுக்கு வங்கி அட்டை இருந்து அம்மாவுக்கு இல்லாத வீடுகள் நம்மில் ஏராளம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அம்மாவின் பெயரிலும் ஒரு கணக்கைத் திறந்து அட்டை வாங்கிக்கொடுங்கள்; பயணம் முடிந்த பிறகும் அது அவர்களுக்கு உதவும்.

கடையில் அட்டையைத் தட்டும்போது, ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா பவுண்டில் கட்டுகிறீர்களா என்று கருவி கேட்டால் பவுண்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ரிங்கிட்டைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்தக் கருவிக்காரர் வைத்ததே சட்டம்.

ரொக்கம் சிறிதளவு போதும். தெரிந்தவர்கள் அன்போடு பழைய பவுண்ட் நோட்டுகளை எடுத்துக்கொடுத்தால் உற்றுப் பாருங்கள். காகித நோட்டுகள் எதுவும் இப்போது கடைகளில் செல்லாது. கடைசியாக இருந்த 20, 50 பவுண்ட் காகித நோட்டுகளை 2022 செப்டம்பர் 30-உடன் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது புழங்குபவை வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டுகள். ஒரு பவுண்ட் நாணயமும் 2017-இல் மாறிவிட்டது; முழு வட்டமாக இருந்தால் பழையது, பன்னிரண்டு பக்கம் இருந்தால் புதியது. பழைய நோட்டுகளை இங்கிலாந்து வங்கியில் மாற்ற முடியும் என்றாலும் அதற்காக ஒரு நாளைச் செலவழிப்பது நாலு நோட்டுக்குத் தகாது.

6. உடுப்பும் பெட்டியும்

கேமரன் மலைக்குப் போட்ட ஸ்வெட்டர் லண்டன் ஜனவரிக்குக் காணாது. அதற்காகப் பேரங்காடியில் புதிதாக வாங்கிப் பணத்தைக் கொட்டவும் தேவையில்லை. ஈப்போவில் பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடைகளில் நல்ல குளிர் அங்கிகள் மலிவாகத் தொங்குகின்றன. சங்கிலிப் பூட்டு (ஜிப்) மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதா, முழங்கைப் பக்கத்துத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, வெயிலில் காயப்போட்டு எடுத்துப் போங்கள். காலுக்கு மூடிய காலணி கட்டாயம், சேலைக்கும் அதுதான். ஜூலையில் போகிறவர்களும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும் குடையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முள் மின்செருகி நம் ஊரில் உள்ளதேதான். மாற்றுச் செருகி வாங்கத் தேவையில்லை. ஊறுகாய், மிளகாய்த்தூள், அப்பளம் எடுத்துப் போகலாம். இறைச்சியும் பால் பொருள்களும் கூடாது. நெய், பால்கோவா, ஆட்டிறைச்சி வறுவல் ஆகியவற்றை அன்போடு கட்டிக்கொடுப்பார்கள், சுங்கத்தில் பறிபோகும். நெய் அங்கேயே கிடைக்கிறது.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதால், பயண நாட்களுக்குச் சேர்த்துத் தருமாறு முந்திய முறை போகும்போதே சொல்லிவைக்க வேண்டும். மருந்துப் பெயர்கள் எழுதிய புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. கேஎல்ஐஏ வரைக்கும்

சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் என்னும் விரைவு மின்ரயில்கள் எல்லாமும் நிற்பதில்லை. ஈப்போவில் ஏறுவது பாதுகாப்பு. அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதன் பிறகு விமான நிலைய விரைவு ரயிலுக்குத் தலைக்கு 55 வெள்ளி. நான்கு பேரும் பெட்டிகளும் என்றால், தெரிந்த வாகனக்காரரிடம் பேசி வீட்டு வாசலிலிருந்தே போவது பல நேரம் மலிவாகவும் முடியும். தீபாவளி, சீனப் புத்தாண்டுக் காலத்தில் ரயில் இருக்கைகள் முன்னரே தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையும் நெரியும். புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்பு அங்கே இருப்பதாகக் கணக்கிடுங்கள்.

8. ஹீத்ரோவில் குடிநுழைவு

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் தானியங்கிக் கதவில் போகலாம். மலேசியர்களுக்கு அந்த வசதி இல்லை. அதே விமானத்தில் வந்த சிங்கப்பூர்க்காரர்களைப் பின்தொடர்ந்து போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைத் தேடிப் போங்கள். காலையில் பல விமானங்கள் ஒன்றாக வந்து சேரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரும். வரிசைக்குப் போகும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

குடும்பமாக வந்தவர்கள் ஒன்றாகவே அதிகாரி முன் போகலாம். ஆங்கிலம் வராத பெற்றோரைத் தனியாக அனுப்பத் தேவையில்லை. எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவு யாருடையது என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும். மகள் வேலை தேடித் தருவாள் என்பது போன்ற விளையாட்டுப் பேச்சு வேண்டாம். விமானத்திலேயே அப்பா அம்மாவிடம் முகவரியையும் திரும்பும் தேதியையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

மலேசியா ஏர்லைன்ஸ் நான்காம் முனையத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ரயிலில் போக இரண்டு வழிகள் நேராக உள்ளன. பிக்கடில்லி தடம் மலிவு, ஏறத்தாழ 6 பவுண்ட். நகர நடுவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரயில் பெட்டிகள் சிறியவை, கூரை தாழ்வு, பல நிலையங்களில் மின்தூக்கி இல்லை. எலிசபெத் தடம் ஏறத்தாழ 14 பவுண்ட். வேகமானது, அகலமானது, எல்லா நிலையங்களிலும் படியில்லாமல் நடைமேடைக்குப் போகலாம். ஏறத்தாழ 25 பவுண்ட் வாங்கும் விரைவு ரயில் ஒன்றின் விளம்பரம்தான் எங்கும் கண்ணில் படும். அது பேடிங்டன் வரை மட்டுமே போகிறது; நான்காம் முனையத்திலிருந்து அதற்கு வேறு ரயில் மாறவும் வேண்டும். பெரியவர்களோடும் பெட்டிகளோடும் போகிறவர்களுக்கு எலிசபெத் தடத்தையே நான் சொல்வேன். தனியாக முதுகுப்பையோடு போகும் இளையவர்கள் பிக்கடில்லியில் போகட்டும்.

ஈஸ்ட் ஹாம் பக்கம் உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் எலிசபெத் தடத்தில் வொயிட்சேப்பல் வரை போய் டிஸ்ட்ரிக்ட் தடத்துக்கு மாறலாம். விடுதியில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் விமானங்களில் ஒன்று விடியற்காலையில் இறங்குகிறது. விடுதி அறையோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு வெளியே போக அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

10. சுரங்க ரயிலும் பேருந்தும்

பயணக் கட்டணம் கட்டும் நம் டச் என் கோ அட்டையைப் போல லண்டனுக்கு ஆய்ஸ்டர் அட்டை இருக்கிறது. ஆனால் தொடாமல் பணம் கட்டும் வங்கி அட்டை உங்களிடம் இருந்தால் ஆய்ஸ்டர் வாங்கத் தேவையில்லை, கட்டணம் ஒன்றுதான். 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் உடன் வந்தால் மட்டும் ஆய்ஸ்டர் வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பயணிக் கழிவைப் பதியச் சொல்லுங்கள். 14 நாட்கள் வரை பாதிக் கட்டணம். 11 வயதுக்குக் கீழே பெரியவரோடு போனால் இலவசம்.

ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் மஞ்சள் வட்டத்தில் தட்ட வேண்டும். வெளியேறும்போது தட்டாமல் விட்டால் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துவிடும். சில நிலையங்களில் கதவு இல்லாமல் கம்பத்தில் மட்டும் வட்டம் இருக்கும், அங்கேதான் மறந்துபோகும். ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு இறங்கும்போது கைப்பேசியைத் தட்டினால், இரண்டையும் இரு வேறு பயணிகளாகக் கணக்கிட்டு இரண்டிலும் அதிகக் கட்டணம் போகும். பேருந்தில் ஏறும்போது ஒருமுறை தட்டினால் போதும், இறங்கும்போது தட்டக்கூடாது. கட்டணம் 1.75 பவுண்ட், முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினால் மறுபடியும் கட்டணம் இல்லை.

ஒரு நாளுக்கு உச்சவரம்பு உண்டு. நகர நடுவிலுள்ள முதல் இரண்டு மண்டலங்களுக்குள் எத்தனை முறை போய் வந்தாலும் ஏறத்தாழ 9 பவுண்டோடு நின்றுவிடும். வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும் மாலை நான்கு முதல் ஏழு வரையும் கட்டணமும் கூடுதல், நெரிசலும் கூடுதல். பெரியவர்களோடு பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். நகரும் படிகளில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. அம்மாக்கள் கைகோத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றால் பின்னால் வருபவர் முணுமுணுப்பார். நிலைய வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கும் நிலையங்களில் மட்டுமே படியில்லாமல் ஏறி இறங்க முடியும்.

நேரம் இருந்தால் பேருந்தில் மாடிக்கு ஏறி முன் இருக்கையில் உட்காருங்கள். மண்ணுக்கடியில் ஓடுகிறவர்களுக்கு லண்டன் நிலையங்களின் பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடும். அப்பா அந்தக் கண்ணாடி வழியே ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் இடம் வந்த பிறகும் எழவில்லை.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிறிஸ்துமஸ் நாளில் சுரங்க ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. அன்று வந்து இறங்கும்படியோ புறப்படும்படியோ டிக்கெட் எடுத்துவிட்டால் டாக்சிக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டிவரும்.

11. சாப்பாடும் கோயிலும்

முதல் இரண்டு நாள் எந்த ரொட்டியும் பெரியவர்களுக்கு இறங்காது. ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்திரீட் நார்த் நெடுகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளோடு சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. முருங்கைக்காய், கருவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் கூடையில் குவிந்திருக்கும். தெற்கே டூட்டிங்கிலும், வடமேற்கே வெம்பிளியிலும் இலங்கைத் தமிழர் கடைகள் பல. நம் பேச்சு அவர்களுக்குச் சற்றுப் புதிதாகப் படும். பசியாறிட்டீங்களா என்று அம்மா கடைக்காரரிடம் கேட்டபோது, நீங்கள் மலேசியாவா என்று அவர் உடனே கண்டுகொண்டு கூடுதலாகச் சாம்பார் ஊற்றினார்.

மானர் பார்க்கில் சர்ச் ரோட்டில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் இருக்கிறது. மானர் பார்க் நிலையம் எலிசபெத் தடத்திலேயே வருவதால் பெரியவர்களுக்குச் சிரமமில்லை. வடக்கே ஹைகேட்டில் ஆர்ச்வே ரோட்டில் இன்னொரு முருகன் கோயில் உண்டு. அது ஏற்றமான சாலை. நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். போத்தலை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் தண்ணீருக்குச் செலவே இல்லை. பல உணவகங்களில் சேவைக் கட்டணம் என்று 12.5 விழுக்காட்டைச் சேர்த்தே பட்டியல் தருவார்கள். அதற்கு மேல் எதுவும் வைக்க வேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம் ஆகியவற்றில் நுழைவு இலவசம். நம் நாட்டில் ஒரு வாரத்துச் சம்பளத்தை டிக்கெட்டாகக் கேட்கும் இடங்களுக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

12. வந்து இறங்கியதும் திகைக்க வைப்பவை

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு, ஏழரை மணிவாக்கில் பொழுது சாயும். லண்டனில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம். பெரியவர்கள் நேரம் தெரியாமல் மருந்தைத் தவறவிடுவார்கள், ஆகவே கைப்பேசியில் மணி வையுங்கள். ஊரோடு நேர வித்தியாசம் குளிர்காலத்தில் எட்டு மணி, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஏழு மணி.

கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது. சிறிய போத்தல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் அங்கே முதல் நாளே படும் பாடு இதுதான். யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், விக்டோரியா போன்ற பெரிய ரயில் நிலையங்களில் கழிப்பறை இலவசம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

சாலையோரத்தில் கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு வழி பார்க்காதீர்கள். மிதிவண்டியிலோ மின்வண்டியிலோ வேகமாக வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே அன்றாடம் நடக்கிறது. கடை வாசலுக்குள் ஒதுங்கி, சுவரைப் பார்த்து நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

13. உடம்புக்கு முடியாமல் போனால்

அவசர எண் நம் ஊரைப் போலவே 999. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. அரசு மருத்துவமனை எல்லாருக்கும் இலவசம் என்று நம்பிப் போகக்கூடாது. அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. படுக்கையில் சேர்த்துவிட்டால் வருகையாளர்களுக்குப் பட்டியல் வரும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கட்டிய பணமும் வீண். கடப்பிதழ் தொலைந்தால் காவல் துறையில் புகார் செய்துவிட்டு, லண்டனிலுள்ள மலேசியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். கடப்பிதழின் நகலைத் தனிப் பையில் வைத்திருந்தால் வேலை சுலபமாகும்.

14. திரும்பும் நாள்

விமான நிலையத்தில் விற்பனை வரியைத் திருப்பித் தருவார்கள் என்று முன்பு போனவர்கள் சொல்வார்கள். லண்டனில் கடையில் வாங்கி நாமே எடுத்து வரும் பொருள்களுக்கு அந்த வசதியை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி விலை உயர்ந்த பையோ கடிகாரமோ வாங்காதீர்கள், ரசீதோடு முகப்பைத் தேடி அலையாதீர்கள்.

முனைய எண்ணை முந்திய இரவே உறுதி செய்யுங்கள். நான்காம் முனையத்துக்குப் போகும் ரயில்கள் குறைவு. ரயில் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே ஏறுங்கள். தவறான முனையத்தில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், முனையங்களுக்கிடையே ரயிலில் இலவசமாக மாறலாம். ஆனால் அரை மணி நேரம் போய்விடும். ஆய்ஸ்டர் வாங்கியவர்கள் மீதித் தொகையை நிலையத்து இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம். கையில் சேர்ந்த சில்லறை நாணயங்களை நம் ஊர் நாணய மாற்றுக் கடைகள் வாங்குவதில்லை. விமான நிலையத்துக் கடையில் பொருள் வாங்கும்போது நாணயங்களை முதலில் கொடுத்து, மீதியை அட்டையில் கட்டுங்கள்.